நாலாயிரத்துல பன்னெண்டு!



“மாப்ள... எழுபத்தெட்டு பர்சென்ட்லயே நிக்குதுடா!”

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. ராத்திரி பதினொன்றரை மணி. இடம்: மயிலாடும்பாறையில எங்க வீட்டு மொட்டை மாடி. தண்ணித் தொட்டி மேல லேப்டாப். அதுக்கு ஹாட்ஸ்பாட் கொடுக்கிற போனை ஒரு கையில உசரத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, சுதந்திர தேவி சிலை மாதிரி நான். பக்கத்துல நகத்தைக் கடிச்சுக்கிட்டு என் ஃப்ரெண்டு. பன்னெண்டு மணிக்கு லிங்க் க்ளோஸ்!

மேட்டர் இதுதான். நம்மாளு பி.ஏ. படிக்கிறான். சனி, ஞாயிறு கல்யாண வீடுகள்ல போட்டோகிராஃபருக்கு அசிஸ்டென்ட். லைட் பிடிக்கிறது, பேட்டரி மாத்துறது, பந்தியில கடைசியா சாப்பிடுறது. மிச்ச நேரத்துல தனக்குன்னு படம் எடுப்பான். அவன் கண்ணுல ஒரு போட்டோகிராஃபி ஃபெல்லோஷிப் அறிவிப்பு பட்டுச்சு. கேட்டது மூணே மூணு. பன்னிரண்டு படங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு, ‘நீ யார், என்ன செய்யப் போகிறாய்’ என்று ஒரு பக்கக் கட்டுரை.

“இதென்ன பிரமாதம், அரை மணி நேர வேலை”ன்னு உக்கார்ந்தோம். ஒரு வாரம் ஆச்சு. அந்த ஒரு வாரத்துல கத்துக்கிட்டதுதான் இந்த வாரக் கச்சேரி. பாட்டு, பரதம், பறை, ஓவியம், குறும்படம், கவிதைன்னு ஏதோ ஒண்ணை ராத்திரி பகலா செஞ்சுக்கிட்டிருக்கிற எல்லாருக்கும் இது உதவும்.

ரெக்கார்டு நோட்டு புத்தி!

முதல் நாள் ஹார்டு டிஸ்க்கைத் திறந்தான். நாலாயிரத்துச் சொச்சம் படங்கள். “எல்லாத்தையும் அனுப்பிரலாமாடா? அவங்களே பாத்து எடுத்துக்கட்டும்” என்றான். சிரிக்காதீங்க. நானா இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஏன்னா, நம்மளைக் காலேஜ் அப்படித்தான் வளர்த்திருக்கு. ரெக்கார்டு நோட்டுல பத்து எக்ஸ்பெரிமென்ட்டும் இருக்கணும். ஒண்ணு குறைஞ்சா கையெழுத்து கிடையாது. அசைன்மென்ட் எத்தனை பக்கம் என்பதுதான் மார்க். ‘நிறைய கொடுத்தா நிறைய மார்க்’ என்று நம்ம ரத்தத்துல ஊறிப்போச்சு. ஃபெல்லோஷிப் சாம்பிள் அதுக்கு நேர் எதிர் பாஸ்! அங்கே நீங்க என்ன அனுப்பினீங்க என்பதோட, எதை அனுப்பாம விட்டீங்க என்பதையும் சேர்த்துத்தான் பார்ப்பாங்க. பன்னிரண்டு கேட்ட இடத்துல சுமாரான படம் ரெண்டு இருந்தா, ‘நல்லது எது, சுமார் எதுன்னு இவனுக்கே தெரியலையே’ என்று தோணிடும்.

உலகப் புகழ் உதாரணம் ஒண்ணு. ராபர்ட் ஃப்ராங்க் என்கிற போட்டோகிராஃபர் 1955-ல் அமெரிக்காவின் குகன்ஹைம் ஃபெல்லோஷிப்பை வாங்கினார். அந்தக் காசுல பழைய கார் ஒண்ணை எடுத்துக்கிட்டு நாடு முழுக்கச் சுத்தினார். எடுத்த படங்கள் சுமார் 27,000. கடைசியில் புத்தகத்துக்குத் தேர்ந்தெடுத்தது வெறும் 83! ‘தி அமெரிக்கன்ஸ்’ என்ற அந்தப் புத்தகம் 1958-ல் பாரிஸிலும், அடுத்த வருஷம் அமெரிக்காவிலும் வெளியானது. போட்டோகிராஃபி படிக்கிறவங்க இன்னைக்கும் அதைப் புரட்டிக்கிட்டிருக்காங்க. 27,000-ல் 83-ன்னா, முந்நூத்துச் சொச்சம் படத்துக்கு ஒண்ணு. நம்மாளு கணக்கும் கிட்டத்தட்ட அதேதான்!

மயில், மேகம், சூரியன்... அவுட்!

ரெண்டாவது நாள், அவனே பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்துக் காட்டினான். தோகை விரிச்ச மயில். மேகமலை மூடுபனி. வைகை அணையில் சூரிய அஸ்தமனம். சுருளி அருவி. மூல வைகை ஆத்துல குதிக்கிற பசங்க. எல்லாம் சூப்பர். காலண்டர் அடிச்சா சிவகாசிக்காரங்களே கை தட்டுவாங்க.

“மாப்ள, இதெல்லாம் யார் வந்தாலும் எடுப்பாங்கடா. டூரிஸ்ட் கூட எடுக்கிறான். நீ மட்டும் எடுக்கக்கூடியது எது?” என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் ‘சும்மா’ என்று பேர் வெச்ச ஒரு ஃபோல்டரைத் திறந்தான்.

உள்ளே இலவம்பஞ்சு!

எங்க பக்கம் தெரியாதவங்களுக்கு ஒரு வரி. ஆண்டிபட்டியில இருந்து கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடுன்னு போற ரோட்டுல இலவ மரங்கள் நிறைய. கோடையில காய் முத்தும். அதைப் பறிச்சு, காயவெச்சு, ஓட்டை உடைச்சு, பஞ்சையும் கொட்டையையும் தனியாப் பிரிக்கணும். நீங்க தலை வெச்சுத் தூங்குற தலகாணிக்குள்ள இருக்கிறது அதுவாக்கூட இருக்கலாம். பஞ்சு மெத்துன்னு இருக்கும். பஞ்சு வேலை அப்படி இருக்காது. தூசி மூக்குலயும் தொண்டையிலயும் ஏறும். துண்டைக் கட்டிக்கிட்டுத்தான் உக்காரணும்.

அவங்க அம்மா அந்த வேலைக்குப் போறவங்க. ரெண்டு கோடை சீஸனா, காலேஜ் லீவுல அம்மாவுக்குச் சோறு கொண்டு போறப்பல்லாம் எடுத்த படங்கள். காத்துல பறக்கிற பஞ்சு. தலைமுடி, புருவம், ரவிக்கைன்னு எல்லாமே வெள்ளை. வெள்ளைக் குவியலுக்கு நடுவுல கறுப்புக் கொட்டைகளைப் பொறுக்கிற விரல்கள்.

“இதை ஏன்டா ‘சும்மா’ன்னு வெச்சிருக்க?”

“அம்மா கஷ்டப்படுறதைக் காட்டிக் காசு கேக்குற மாதிரி இருக்காதா மாப்ள?”

எனக்குப் பதில் தெரியலை. கேள்வி நியாயமானதுதானே!

மதுரைக்காரர் ஒருத்தர் சொன்ன வழி

அப்பத்தான் எம். பழனி குமார் ஞாபகத்துக்கு வந்தார். மதுரைப் பக்கத்துக்காரர். மீன் விற்கும் அம்மாவோட மகன். நம்மளை மாதிரியே இன்ஜினியரிங் படிச்சவர். கடன் வாங்கித்தான் முதல் கேமராவை வாங்கினார். கையால மலம் அள்ளும் கொடுமையைப் பற்றி திவ்யபாரதி எடுத்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு அவர்தான் ஒளிப்பதிவு. பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-ல் தொடங்கிய ‘பாரி’ என்ற கிராமப்புற இந்தியாவுக்கான இணையக் காப்பகத்தில் 2019-ல் ஃபெல்லோ ஆனார். அடுத்து, 2020-ல் சம்யக் திருஷ்டி மற்றும் போட்டோ சவுத் ஏஷியா நல்கை. 2022-ல் முதலாவது தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது!

இத்தனையையும் எதைக் காட்டி வாங்கினார்? சுவிட்சர்லாந்து மலையையா? கடல்ல முங்கிப் பாசி எடுக்கிற பெண்கள், துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்கள், மீன் விற்கிற தன் அம்மா... தனக்குப் பக்கத்துல இருந்த உழைக்கிற சனங்களைத்தான். அவர் படங்களைப் பார்த்தா ‘ஐயோ பாவம்’ என்று வராது. ‘இவங்க வேலையில இவ்வளவு இருக்கா!’ என்றுதான் வரும். பரிதாபத்துக்கும் மரியாதைக்கும் நடுவுல ஒரு கோடு இருக்கு. படம் எடுக்கிறவன் எந்தப் பக்கம் நிக்கிறான் என்பது படத்துலயே தெரிஞ்சிடும்.

இதைப் படிச்ச பிறகு நம்மாளு ஒரு முடிவுக்கு வந்தான். “அம்மாகிட்டயே கேட்ருவோம்.”

அத்தை போட்ட போடு!

அன்னைக்கு ராத்திரி, கையைத் துடைச்சுக்கிட்டு வந்து லேப்டாப் முன்னாடி உக்கார்ந்தாங்க அத்தை.

“அத்தை, இந்தப் படத்தையெல்லாம் டெல்லி, மும்பையில இருக்கிறவங்க பாப்பாங்க.”

“பாத்துட்டு?”

“நல்லா எடுக்கிறான், இன்னும் எடுக்கட்டும்னு காசு தருவாங்க.”

“என்னத்த எடுக்க?”

“உங்களைத்தான்!”

“நான் இங்கனதானப்பா இருக்கேன். எடுத்துக்கிற வேண்டியதுதான? அதுக்கு எதுக்குக் காசு?”

ஃபெல்லோஷிப் என்கிற சமாச்சாரத்தையே ஒரே வரியில காலி பண்ணிட்டாங்க!

அப்புறம் ஒவ்வொரு படமா நிதானமாப் பார்த்தாங்க. “இது வேணாம். முந்தானைக் கிழிசல் தெரியுது.” தள்ளியாச்சு. “இதுல நான் இருமிக்கிட்டு இருக்கேன். ஆனா இருக்கட்டும், நெசந்தான.” வெச்சாச்சு. ஒரு படத்துல நிறுத்தினாங்க. எடை போடுற இடம். எல்லாரும் மூட்டையைப் பார்க்கிறாங்க. அத்தை மட்டும் தராசு நம்பரைப் பார்க்கிறாங்க.

“இதை மொதல்ல வையி. நம்பரைத்தான் பாக்குறேன் பாரு. என்னய யாரும் ஏமாத்த முடியாது.”

சத்தியமாச் சொல்றேன், நாங்க ரெண்டு பேரும் அந்தப் படத்தை லிஸ்ட்லயே சேர்க்கலை. அதுதான் முதல் படம் ஆச்சு. ‘கஷ்டத்தைக் காட்டிக் காசு கேக்குற மாதிரி இருக்காதா’ என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

எழுந்திரிக்கிறப்ப இன்னொண்ணும் சொன்னாங்க. “கூட இருக்கிறவளுககிட்டயும் கேட்டுக்க. என்னயக் கேட்ட மாதிரி.”

மறுநாள் காலையில போய்க் கேட்டான். எல்லாரும் சரின்னாங்க, ஒரு அக்காவைத் தவிர. “மகளுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருக்கோம் தம்பி. வேணாம்யா.” அந்த அக்கா படம்தான் நாலாயிரத்துலயே பெஸ்ட்! முகம் முழுக்கத் துண்டு, மேல பஞ்சு, நடுவுல ரெண்டு கண்ணு மட்டும்.

“முகமே தெரியலைல மாப்ள. யாருக்குத் தெரியப் போகுது?” என்றான்.

“அந்த அக்காவுக்குத் தெரியும்ல.”

அரை மணி நேரம் என்கூடப் பேசலை. அப்புறம் அவனே அந்தப் படத்தை ஃபோல்டர்ல இருந்து தூக்கினான். பெஸ்ட் படம் இல்லாமலே அனுப்பினோம். அதுல எனக்கு இன்னைக்கும் வருத்தம் உண்டு. தப்புன்னு மட்டும் ஒருநாளும் தோணலை.

எந்த மயிலாடும்பாறை?

அடுத்தது குறிப்பு எழுதுற படலம். முதல் படத்துக்குக் கீழே ‘மயிலாடும்பாறையில் ஒரு நாள்’ என்று கவித்துவமா எழுதியிருந்தான். சும்மா இன்டர்நெட்ல தேடிப் பார்த்தோம். வந்தது வேற ஊர்! கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் ஒரு மயிலாடும்பாறை இருக்கு. அங்கே நடந்த அகழாய்வுல கிடைச்ச இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் சட்டமன்றத்துலயே அறிவிச்சாங்க. நாலாயிரம் வருஷத்துக்கு முந்தின ஃபேமஸ் ஊர் அது. நம்ம ஊரு பாவம், தலகாணி ஊரு.

நடுவருக்கு நம்ம ஊரும் தெரியாது, நம்ம தொழிலும் தெரியாது. ‘இலவம்பஞ்சுன்னா என்ன’ என்பதுல இருந்து தொடங்கணும். ஆகவே ஒவ்வொரு குறிப்பிலும் எங்கே, எப்போ, என்ன நடக்குது என்ற மூணும் இருக்கட்டும். ரெண்டு வரி போதும். ‘மயிலாடும்பாறை, தேனி மாவட்டம். காய் உடைக்கும் கூலி எடைக் கணக்கில். தராசைப் பார்ப்பவர் என் அம்மா.’ கவித்துவம் தானா வரும். நாமளா ஊத்த வேண்டாம்.

கட்டுரையிலும் இதே கதைதான். முதல்ல எழுதினது, ‘சிறு வயது முதலே கலையின் மீது தீராத தாகம்...’ என்று ஆரம்பிச்சது. தாகத்துக்குத் தண்ணி குடிடான்னு அடிச்சேன். ரெண்டாவது தடவை, ‘என் அம்மா பஞ்சு உடைக்கிறார். ரெண்டு கோடையாகப் படம் எடுக்கிறேன். இன்னும் பஞ்சு எங்கே போகிறது, யார் தலைக்கு அடியில் முடிகிறது என்பதைப் பின்தொடர வேண்டும். அதற்குத்தான் பணம்’ என்று எழுதினான். அவ்வளவுதான். என்ன செஞ்சிருக்கேன், இனி என்ன செய்வேன், எதுக்குக் காசு. மூணும் தெளிவா வந்தாச்சு.

உங்க ஐட்டம் எது?

பாட்டு, இசை: முதல் முப்பது செகண்டுலயே குரல் வரட்டும். டைட்டில், விளக்கு, அறிமுக உரை எல்லாம் வேண்டாம். வெட்டி ஒட்டாத ஒரே டேக் நல்லது. செல்போனா இருந்தாலும் பரவாயில்லை, ஃபேனை மட்டும் ஆஃப் பண்ணுங்க.

ஆட்டம், நடனம்: தலை முதல் கால் வரை ஃப்ரேம்ல இருக்கணும். ஒயிலாட்டத்துல காலை வெட்டிட்டா என்ன மிச்சம்? குழுவா ஆடினா, ‘இடது பக்கம் இருந்து மூணாவது ஆள் நான்’ என்று குறிப்புல சொல்லுங்க.

ஓவியம், சிற்பம்: வெயில் நேரடியாப் படாத பகல் வெளிச்சத்துல, நேரா நின்னு எடுங்க. நீளம், அகலம், என்ன பொருள், எந்த வருஷம் என்பதைக் கட்டாயம் எழுதுங்க. படத்துல நகம் அளவா, சுவர் அளவான்னு தெரியாது.

நாடகம், குறும்படம்: அரை மணி நேரப் படம்னா, எந்த நிமிஷத்துல இருந்து எந்த நிமிஷம் வரை பார்க்கணும்னு சொல்லிடுங்க. நீங்க செஞ்சது நடிப்பா, ஒளிப்பதிவா, எடிட்டிங்கா என்பதையும் சொல்லுங்க.

கதை, கவிதை: மொழிபெயர்ப்பு கேட்டா, தமிழ் மூலத்தையும் சேர்த்து அனுப்புங்க. மொழிபெயர்த்தவர் பேரை மறக்காதீங்க.

எங்கே அனுப்பலாம்?

மத்திய கலாசார அமைச்சகத்தின் இளம் கலைஞர்களுக்கான உதவித்தொகை நம்ம வயசுக்கே அளவெடுத்துத் தைச்சது. வயது 18 முதல் 25. மாதம் 5,000 ரூபாய் வீதம் 2 வருஷம். ஒரு குருவிடமோ நிறுவனத்திடமோ குறைஞ்சது 5 வருஷம் கத்திருக்கணும், அதற்கான சான்றும் வேணும். நாட்டுப்புறக் கலைகளும் இதில் உண்டு. ஊர்ல கோயில் திருவிழாவுக்கு ஆடக் கத்துக் கொடுத்த வாத்தியாரும் குருதான் பாஸ், அவரிடம் கையெழுத்து வாங்குங்க! 25 வயசைத் தாண்டினா 40 வரை ஜூனியர் ஃபெல்லோஷிப், மாதம் 10,000 ரூபாய், அதுவும் 2 வருஷம். இரண்டையும் நடத்துவது டெல்லியில் உள்ள சி.சி.ஆர்.டி. என்ற மையம்.

பெங்களூருவில் 1993-ல் தொடங்கிய இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ், கலைத் திட்டங்களுக்கு நல்கை தருது. இந்திய மொழிகளிலேயே எழுதி அனுப்பலாம். ‘இங்கிலீஷ் வராதே’ என்ற சாக்கு அங்கே செல்லாது. எதுவா இருந்தாலும் அந்த வருஷ அறிவிப்பை ஒரு தடவைக்கு ரெண்டு தடவை படிங்க. வயசு, தேதி, எத்தனை சாம்பிள் என்பதெல்லாம் அதுலதான் இருக்கும்.

பதினொன்று நாற்பது...

மொட்டை மாடிக்கு வருவோம். எழுபத்தெட்டுல நின்னது ஏன் தெரியுமா? ஒவ்வொரு படமும் அசல் சைஸ்ல, இருபது எம்.பி. அறிவிப்புல ‘இரண்டு எம்.பி.க்குள்’ என்று தெளிவாப் போட்டிருந்தாங்க. படிச்சது யாரு? கேன்சல் பண்ணி, சைஸ் குறைச்சு, ஐ.எம்.ஜி. 4471 என்ற பேரையெல்லாம் மாத்தி 01, 02 என்று வரிசை கொடுத்து, மறுபடி ஏத்தினோம்.

அடுத்த ஷாக். முழு ஃபோல்டர் லிங்க்கை அப்பா போன்ல திறந்து பார்த்தா, ‘அனுமதி கேட்கவும்’ என்று வருது! அதாவது நம்ம போன்ல மட்டும்தான் திறக்கும். நடுவர் நடுராத்திரி அனுமதி கேட்டுக்கிட்டா உக்கார்ந்திருப்பார்? செட்டிங்கை மாத்தி, மறுபடி அப்பாவை எழுப்பி, திறந்து பார்த்து... பதினொன்று ஐம்பத்தி ரெண்டுக்கு ‘பெறப்பட்டது’ என்று மெயில் வந்துச்சு. போனைத் தூக்கிப் பிடிச்ச கையை இறக்கினேன். மறுநாள் பூரா வலி!

ரிசல்ட் இன்னும் வரலை. வீட்டுக்குப் போறப்பல்லாம் அவன் மெயிலைத் திறந்து திறந்து பார்க்கிறான். “இலவு காத்த கிளி மாதிரி உக்கார்ந்திருக்கியேடா” என்று ஓட்டினேன். அத்தை அடுப்படியில இருந்து கேட்டுட்டாங்க.

“கிளி பழத்துக்குக் காத்துச்சு, ஏமாந்துச்சு. நாங்க பஞ்சுக்குத்தான காத்திருக்கோம். காய் வெடிக்கிறப்ப சாக்கோட நிப்போம்ல?”

சரிதான். காசு வந்தாலும் வராட்டியும், அவன் கையில இப்ப வரிசைப்படுத்தின பன்னிரண்டு படங்கள், பன்னிரண்டு குறிப்புகள், பொய் இல்லாத ஒரு பக்கக் கட்டுரை இருக்கு. அடுத்த அறிவிப்புக்கு ஒரு சாயங்காலம் போதும்.

சொல்ல மறந்துட்டேனே! படத்துல இருந்த எல்லாருக்கும் ஆளுக்கொரு பிரின்ட் போட்டுக் கொண்டு போய்க் கொடுத்தான். வேணாம்னு சொன்ன அந்த அக்கா தள்ளி நின்னு பார்த்துக்கிட்டே இருந்தாங்களாம். கிளம்புறப்ப மெதுவா வந்து கேட்டாங்களாம்...

“தம்பி, எம் படம் இருக்குமா? யாருக்கும் அனுப்ப வேணாம். எனக்கு மட்டும் ஒண்ணு குடு.”

அடுத்த வாரம் வேற மேட்டரோட வர்றேன். அதுக்குள்ள ‘சும்மா’ன்னு நீங்க பேர் வெச்சு மூடின ஃபோல்டரைக் கொஞ்சம் திறந்து பாருங்க மக்களே!